மூன்று புள்ளிகளை இடித்த கதை

அந்த ஊரில் மட்ட அலுவலகம் என்று ஒன்று இருந்தது. யார் வீட்டு வாசல் எவ்வளவு உயரம், எந்தத் தெரு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதையெல்லாம் அளந்து சான்று கொடுப்பது அதன் வேலை. ஒரு காலத்தில் அரை அடிக்கும் கால் அடிக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். அதைத் தீர்த்துவைக்க வந்தவர்கள், சண்டையை விட்டுவிட்டுப் பின்னத்தை ஒழித்துக் கட்டினார்கள். எந்த உயரமானாலும் அதைத் தாண்டாத பெரிய முழு எண் எதுவோ, அதுதான் உயரம். முக்கால் அடியா? பூஜ்ஜியம். ஒன்றே முக்கால் அடியா? ஒன்று. மிச்சம் எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது. கேட்பதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. அலுவலகச் சுவரில் ‘பின்னமில்லா நகரம்’ என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது. ஆள் உயரம் என்றால் ஐந்து அடி. அந்த ஊரில் வளர்ந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஐந்து அடிதான்.

இதெல்லாம் மெய்ப்புத் திருத்துகிறவருக்கு வெகுகாலம் தெரியாது. அச்சகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, பிறர் எழுதியதில் பிழை பார்ப்பது அவர் தொழில். அவர் அறிந்த அலுவலகம் அந்த மூலை ஒன்றுதான். அவர் அறிந்த அதிகாரி மனைவி ஒருத்திதான்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். வேலையை விட்டு வெகுநாள் ஆகியும் தெருவுக்கு அவள் டீச்சர்தான். அவளுக்கு ஒரு நோய் வந்து காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர்கள் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். மருந்துக்கு ஒரு வார்த்தையும் இல்லை. சக்கர நாற்காலி வந்தது. நாற்காலி வந்த பிறகுதான் தங்கள் வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இருவருக்கும் உறைத்தது. மழை வந்தால் சாக்கடை பொங்கும் தெரு அது. அதனால் கட்டினவர்கள் வீட்டைத் தூக்கிக் கட்டி, ஏழு படி வைத்திருந்தார்கள். கைப்பிடி வைக்க மறந்துவிட்டார்கள்.

எதிர்வீட்டில் அவளுடைய அக்காள். நடுவே ஒரு தெரு. இரண்டு சைக்கிள் எதிரெதிராக வந்தால் ஒருவர் இறங்கி வழிவிட வேண்டிய தெரு. அக்காளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இவள் இறங்க முடியாது, அவள் ஏற முடியாது. இரண்டு பேரும் அவரவர் சன்னலில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே கைபேசியில் பேசுவார்கள்.

“ஒரு தடவை நாலு பேர் தூக்கினாங்க இல்ல, மறுபடி தூக்கச் சொல்லேன்டி” என்பாள் அக்காள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனப்பவா? பீரோ இறக்கற மாதிரி இறக்கினாங்க. ‘மூலை இடிக்குது, மூலை இடிக்குது’ன்னு ஒருத்தன் கத்தறான். எந்த மூலைன்னு பார்த்தா என் முட்டி. இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம். நீ வேணா தூக்கச் சொல்லி வா.”

“என்னைத் தூக்க நாலு பேர் எப்படிடி பத்தும்?”

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் அக்காளின் மகன் வீட்டை விற்றுவிட்டான். மாதக் கடைசியில் வந்து அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகிறான். ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டிய ஊர். அந்தச் செய்தி வந்த அன்று டீச்சர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். “ஏங்க, அவ போறதுக்குள்ள ஒரு தடவை அவ கையைப் பிடிக்கணும்” என்றாள். நாற்காலி வாங்கச் சொன்னபோதுகூட அவள் அந்தக் குரலில் கேட்டதில்லை.

அவர் ஒரு கொத்தனாரைப் பிடித்தார். வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி, ஒரு மூலையில் திரும்பி, தெருவரைக்கும் ஒரு சாய்தளம் போடச் சொன்னார். கொத்தனார் நல்ல வேலைக்காரன். சிமெண்டு காய்ந்த அன்று மாலை, கையால் தடவிப் பார்த்துவிட்டு, “சார், இதுல உருளைக்கிழங்க விட்டாக்கூட யோசிச்சு யோசிச்சுத்தான் கீழ போகும். நாளைக்குக் காலையில டீச்சரம்மாவ இறக்கிடலாம்” என்று சொல்லிப் போனான்.

மறுநாள் காலையில் டீச்சர் தயாராகி வாசலில் நாற்காலியில் காத்திருந்தபோது, கீழே மட்ட அலுவலகத்தின் அளவையர் உதவியாளரோடு வந்து நின்றார்.

“புதுசா ஒரு மட்டம் உண்டாயிருக்குன்னு தகவல். அளந்து சான்று கொடுக்காம யாரும் இதுல கால் வைக்கக் கூடாது.”

“கால் வைக்கப் போறதில்ல சார், சக்கரம்தான்” என்றார் திருத்துகிறவர். அளவையர் சிரிக்கவில்லை.

அவருடைய நாடா விசேஷமானது. ஒரு அடிக்கு ஒரு கறுப்புக் கோடு. நடுவில் வெறும் வெள்ளை. உதவியாளர் சாய்தளத்தின் அடியிலிருந்து ஒரு கோலை நகர்த்தி நகர்த்தி நிறுத்த, அளவையர் தூரத்தில் நின்று, அதற்கென்றே உள்ள குரலில் கேட்டார்.

“எட்டியதா?”

“எட்டவில்லை!”

“எழுது பூஜ்ஜியம்.”

கோல் நகர்ந்தது.

“எட்டியதா?”

“எட்டவில்லை!”

“எழுது பூஜ்ஜியம்.”

இப்படிப் பல பூஜ்ஜியங்கள் ஆன பிறகு உதவியாளர் ஒரு இடத்தில் நிமிர்ந்து, “எட்டியது!” என்று கூவினார். இருவரும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்கள். முழு எண் வந்தால் மரியாதை காட்ட வேண்டுமாம். தெருவில் போன ஒருவர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்.

அளந்து முடித்து அளவையர் ஒரு படம் போட்டுக் காட்டினார். தரையோடு ஒரு கோடு. சட்டென்று ஒரு அடி மேலே இன்னொரு கோடு. மறுபடி சட்டென்று மேலே. மறுபடியும். கடைசிக் கோடு மூன்று அடியில்.

“பார்த்தீங்களா? மூணு இடத்துல செங்குத்தா ஒவ்வொரு அடி பள்ளம். இதுல சக்கர நாற்காலிய விடறீங்களே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு?”

“சார், அது படம். தரை வழவழன்னு இருக்கே, தொட்டுத்தான் பாருங்களேன்.”

“கண்ணுக்குத் தெரியறது வேற, பதிவாகறது வேற. நாங்க பதிவாகறதுக்குத்தான் பொறுப்பு.”

மேலே வாசலிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தாள். “தம்பி, ஒரு அடி ஆகறதுக்கு ஒரு நூல் முன்னாடி என்ன உயரம்?”

“பூஜ்ஜியம்மா.”

“ஒரு நூல் தாண்டினா?”

“ஒண்ணும்மா.”

“அப்ப ரெண்டு நூல் நகர்றதுக்குள்ள ஒரு அடி ஏறிடுதா?”

“அதத்தாம்மா நானும் தலைதலையா அடிச்சுக்கறேன். எவ்வளவு ஆபத்து பாருங்க.”

சாய்தளத்தின் மேலும் கீழும் கயிறு கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். முத்திரையை உடைத்தால் மொத்தத்தையும் இடித்துவிடுவார்கள் என்று ஒரு தாளும் ஒட்டினார்கள். எதிர்ச் சன்னலில் துண்டை வைத்துக்கொண்டு கையசைக்கத் தயாராக இருந்த அக்காள், துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் டீச்சர் கணவருக்கு விளக்கினாள். இது அலுவலகம் கண்டுபிடித்தது அல்ல, கணக்கில் உள்ளதுதான். மீப்பெரு முழு எண் சார்பு என்று அதற்குப் பெயர். பதினோராம் வகுப்பிலேயே வரும்.

“ஒண்ணை நோக்கி இடப்பக்கத்திலேர்ந்து வர்றவனைக் கேளுங்க. புள்ளி ஒன்பது, பூஜ்ஜியம். புள்ளி ஒன்பது ஒன்பது, அப்பவும் பூஜ்ஜியம். எவ்வளவு கிட்ட வந்தாலும் பூஜ்ஜியம்னுதான் சத்தியம் பண்ணுவான். வலப்பக்கத்திலேர்ந்து வர்றவனைக் கேளுங்க. ஒண்ணுன்னு சத்தியம் பண்ணுவான். ரெண்டு பேரும் ஒத்துப்போனாத்தான் எல்லை இருக்கு, தொடர்ச்சி இருக்குன்னு சொல்லுவோம். இங்க ஒத்துப்போக மாட்டாங்க. முழு எண் வர்ற இடத்துல எல்லாம் தாவும்.”

“அப்ப அவங்க சொல்றது சரியா?”

“கணக்கு சரி. தரைதான் தப்பா மாட்டிக்கிச்சு.” எதிர்ச் சன்னலைப் பார்த்தாள். “இடப்பக்கத்திலேர்ந்து நான். வலப்பக்கத்திலேர்ந்து அவ.”

அடுத்த நாள் அவர் அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மட்ட அலுவலகத்துக்குப் போனார். வாசலில் நீளமான படிக்கட்டு. முதல் படிக்குப் பக்கத்தில் பித்தளைப் பலகை: ‘சமதளம். சான்று பெற்றது.’ பாதிப் படியில் ஒரு முதியவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காவலாளி அவரை விரட்டினான்.

“பெரியவரே, சமதளத்துல உட்காராதீங்க. நடக்கறவங்களுக்கு இடைஞ்சல்.”

“மூச்சு வாங்குதுப்பா.”

“சமதளத்துல மூச்சு வாங்கினா டாக்டரைப் பாருங்க. எங்களைக் குத்தம் சொல்லாதீங்க.”

மேலே போய், முதல் சன்னலில் இருந்த எழுத்தரிடம் அவர் கேட்டார்: “கீழ அத்தனை படி இருக்கு, சமதளம்னு போட்டிருக்கே?”

“ஒவ்வொரு படியும் அரை அடி சார். அரை அடின்னா பூஜ்ஜியம். எத்தனை பூஜ்ஜியத்தைக் கூட்டினாலும் என்ன வரும்? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க.”

“அப்ப என் சாய்தளத்தை மட்டும் ஏன் தரையிலேர்ந்து மொத்தமா அளந்தீங்க?”

“அது ஒரே துண்டா இருக்கே! படின்னா தனித்தனி. ஒவ்வொண்ணுக்கும் தனிச் சான்று, தனி முத்திரை. வேலைன்னா அப்படி இருக்கணும்.” எழுத்தர் கோப்பைப் புரட்டினார். முகம் மாறியது. “சார், இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. உங்க வீட்டுக்கு ஏழு படி. ஏழும் பூஜ்ஜியம். அப்ப உங்க வீடு தரை மட்டத்துல இருக்கு.”

“இல்லைங்க, உயரத்துல—”

“தரை மட்டத்துல இருக்கு. சாய்தளம் மூணு அடியில முடியுது. அப்ப வீட்டுக்கு மேல மூணு அடி ஆகாசத்துல கொண்டுபோய் விட்டிருக்கீங்க. உங்க மனைவிய எங்க அனுப்பறதா உத்தேசம்?”

திருத்துகிறவர் கோப்பில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார். அவர் தம் தொழிலில் எத்தனையோ அபத்தங்களைப் பார்த்திருந்தார். ஆனால் அங்கே ஓரத்தில் ஒரு கோடு கிழித்து வெளியே தள்ளிவிடலாம். இங்கே ஓரம் எதுவென்றே தெரியவில்லை. விசாரணைக்கு நாள் குறித்துக் கொடுத்து அனுப்பினார்கள். மனுதாரர் நேரில் வர வேண்டும் என்று கீழே சிவப்பில் எழுதியிருந்தது. மனுதாரர் டீச்சர்.

விசாரணையை நடத்தியவர் ஆணையர். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் செருப்பின் அடிப்பாகம் கனமானது. அதைப் போட்டால் ஆறு அடி. கழற்றினால் ஊரோடு சேர்ந்து ஐந்து. அவரைச் செருப்பில்லாமல் பார்த்தவர்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை. பார்த்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

“மனுதாரர் எங்க?”

“வீட்டுல இருக்காங்க ஐயா. இறங்க முடியாது. இறங்கறதுக்குத்தான் இந்தச் சாய்தளமே.”

ஆணையர் அளவையரைப் பார்த்தார். “அவங்க வீடு என்ன மட்டம்?”

“பூஜ்ஜியம் ஐயா.”

“இந்த மண்டபம்?”

“பூஜ்ஜியம் ஐயா.”

“ரெண்டும் ஒரே மட்டம். அப்ப அவங்க நம்ம மட்டத்துலதான் இருக்காங்க. ஆஜர்னு எழுதிக்கோ.” பிறகு காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்: “அம்மா, உங்க சாய்தளத்துல மூணு பள்ளம் இருக்கறதை ஒத்துக்கறீங்களா?”

நாற்காலி பேசவில்லை.

“மறுக்கவில்லைன்னு எழுதிக்கோ.”

திருத்துகிறவர் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். ஆணையருக்கு அது தம் பேச்சுக்கான இடைவெளியாகப் பட்டது. அவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, செருப்பு நன்றாகத் தெரியும்படி நின்றுகொண்டார்.

“நான் ஒண்ணு சொல்றேன். இந்த ஊர்ல முன்ன ஏற்றத்தாழ்வு இருந்துச்சு. மேட்டுத் தெருக்காரன், பள்ளத் தெருக்காரன்னு பேசிக்கிட்டாங்க. பள்ளத்துல தண்ணி நிக்குதுன்னு தினம் ஒரு மனு. நாங்க ஒரு கூடை மண்ணுகூடப் போடல. அளக்கற முறைய மாத்தினோம். ஏற்றத்தாழ்வு போயிடுச்சு. தண்ணி இன்னும் நிக்குதுன்னு சொல்றாங்க. நிக்கட்டும், சமதளத்துலதான நிக்குது? உலகத்துல எந்த அலுவலகம் ஒரு மண்வெட்டி இல்லாம இதைச் சாதிச்சிருக்கு? இப்ப நீங்க வந்து, ஒரு ஆளுக்காக, சரிவா ஒண்ணு வேணும்ங்கறீங்க. சரிவுன்னா என்ன? ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு உயரம். எங்கயும் நிலையா நிக்காது. அரசாங்கம் அப்படி இருக்க முடியுமா? நாங்க ஒரு எண்ணுல நிப்போம். அடுத்த எண் வர்ற வரைக்கும் அசைய மாட்டோம். கீழ இருக்கறவன் எவ்வளவு ஏறி வந்தாலும் சரி, முழுசா வந்து சேர்ற வரைக்கும் அவன் வந்ததாவே எங்களுக்குத் தெரியாது. அதுக்குப் பேர்தான் நேர்மை.”

எழுத்தர் கைதட்டினார். அளவையர் பின்னம் வராமல் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஆகவே மொத்தக் கட்டுமானத்தையும் இடிக்கும்படி—”

“ஐயா” என்றார் திருத்துகிறவர். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. “எங்க அச்சகத்துல ஒரு பக்கத்துல மூணு பிழை இருந்தா, பக்கத்தைக் கொளுத்த மாட்டோம். அந்த மூணை மட்டும் எடுத்துடுவோம்.”

ஆணையர் அவரை முதல் முறையாகப் பார்த்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாததால் முகம் சற்றுச் சிவந்தது.

“நாங்க கொடுமைக்காரங்க இல்ல” என்றார் கடைசியில். “அளவையரே, பிழை துல்லியமா எங்க இருக்கு?”

“ஒரு அடியில ஒரு புள்ளி, ரெண்டு அடியில ஒரு புள்ளி, மூணு அடியில ஒரு புள்ளி. மத்த இடமெல்லாம் தட்டையா, அருமையா இருக்கு ஐயா.”

“புள்ளிக்கு ஒரு நூல் இந்தப் பக்கம்?”

“பிழை இல்ல ஐயா.”

“அரை நூல்?”

“அப்பவும் இல்ல.”

“அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கமும் இல்ல ஐயா. எவ்வளவு கிட்டப் போனாலும் இல்ல. புள்ளியில மட்டும்தான்.”

“அப்ப அந்த மூணு புள்ளியை மட்டும் இடிச்சு அகற்றிடுங்க. மத்ததுக்குச் சான்று கொடுத்துடலாம்.”

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். “அகலம்னு ஒரு கட்டம் இருக்குங்க ஐயா. என்ன போடட்டும்?”

“புள்ளிக்கு ஏதுய்யா அகலம்? இல்லைன்னு போடு. பூஜ்ஜியம். அதுவும் முழு எண்தான்” என்று சொல்லிவிட்டு ஆணையர் மகிழ்ச்சியோடு உட்கார்ந்தார். இந்த யோசனை தமக்கு எப்போது தோன்றியது என்று அவர் எழுத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது திருத்துகிறவர் சமதளத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு படியாக.

ஆணை அடுத்த வாரம் வந்தது. அக்காள் கிளம்ப நாலைந்து நாள்தான் பாக்கி. அவள் வீட்டுச் சாமான்கள் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டன. டீச்சர் ஆணையைப் பரீட்சைத் தாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு படித்தாள். படித்ததும் சிவப்புப் பேனா கேட்டாள்.

“எதுக்கு?”

“இது தப்புங்க. புள்ளியை மட்டும் மாத்தினாச் சரியாகிற பிளவு ஒரு வகை. நீக்கத்தக்கதுன்னு சொல்லுவோம். இது அந்த வகை இல்ல. இது தாவல். இந்தப் பக்கம் பூஜ்ஜியம், அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல புள்ளியை எடுத்தாலும் வெச்சாலும் ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. பன்னெண்டாவது படிக்கற பிள்ளை இப்படி எழுதினா தாளை விட்டெறிவேன். ஒரு ஆணையர் எழுதியிருக்கான்!”

“சரி, தப்பாவே இருக்கட்டும்.”

“தப்பா இருக்கட்டுமா? நீங்களா சொல்றது? ஒரு கமா விட்டுப்போனா ராத்திரி தூங்க மாட்டீங்க.”

“எழுதினா அவங்க திருத்திடுவாங்க.”

“திருத்தத்தான் எழுதறது.”

“திருத்தினா மொத்தத்தையும் இடிப்பாங்க.”

டீச்சர் ஆணையை மடியில் வைத்தாள். ஆனால் பேனாவுக்காக நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரு பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததில்லை. அவர்களுக்குள் வந்த சண்டையெல்லாம், யார் பிழையை யார் முதலில் பார்த்தார்கள் என்பதில் வந்தவைதான். அவர் பேனாவைக் கொடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை; மேசைமேல் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. எதிர்ச் சன்னலில் அக்காள்.

“என்னடி அந்தக் காகிதத்தையே முறைச்சுப் பார்க்கறே? என்ன போட்டிருக்கான்?”

“கணக்குத் தப்பா போட்டிருக்கான்கா.”

“யாருக்குச் சாதகமா?”

“நமக்கு.”

“அப்புறம் என்ன கொள்ளை உனக்கு? நீ கணக்கைத் திருத்திட்டு நிதானமா வா. நான் ரயில்லேர்ந்து கையாட்டறேன்.”

டீச்சர் கைபேசியை வைத்தாள். “ஏங்க, இந்தப் பேனாவைக் கொண்டுபோய் உள்ள வைங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “கண்ணுக்குத் தெரியாத இடத்துல” என்றாள்.

இடிக்கும் ஆட்கள் வந்தது அக்காள் கிளம்புவதற்கு முதல் நாள். ஒரு லாரி, நாலு சம்மட்டி, ஒரு துளைக்கும் எந்திரம், ஒரு மேஸ்திரி. கூடவே அளவையரும் உதவியாளரும். கயிற்றை அவிழ்த்து, கோலை வைத்து, “எட்டியது!” என்று மூன்று இடத்தையும் காட்டினார்கள். மேஸ்திரி ஆணையை வாங்கிப் படித்தான். மறுபடி படித்தான்.

“சார், அகலம் இல்லைன்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“அகலம் இல்லாம எப்படி சார் இடிக்கறது? சம்மட்டியே அரை அடி அகலம்.”

“ஆணையில உள்ளபடி இடி. ஒரு நூல் கூட இடிச்சாலும் சான்று பெற்ற இடத்தைச் சேதப்படுத்தினதா உன் மேல வழக்கு வரும். இடிக்காம விட்டா, ஆணையை மதிக்கலன்னு வழக்கு வரும்.”

மேஸ்திரி தன் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் சம்மட்டியைப் பார்த்தார்கள். ஒருவன் மெல்ல, “அண்ணே, சாக்பீஸால ஒரு கோடு போட்டு, இடிச்சாச்சுன்னு எழுதிடலாமா?” என்றான். எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

மேலே வாசலிலிருந்து, “சாக்பீஸ் கோட்டுக்கும் அகலம் உண்டு” என்று குரல் வந்தது. திருத்துகிறவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்; அப்படி அவர் வாழ்நாளில் வேறு யாரையும் பார்த்ததில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அந்தம்மா சொல்றது வாஸ்தவம்” என்றார் அளவையர். “கோடு கூடாது.”

“அப்ப நீங்களே சொல்லுங்க சார், நான் என்னதான் பண்ண?”

அளவையர் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார். நெடுநேரம் பேசினார். ‘சரிங்க ஐயா’ மட்டும் காதில் விழுந்தது. பேசி முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சம்மட்டியை ஓங்கணும். புள்ளிக்கு நேரா இறக்கணும். தரையை நெருங்கணும். தொடக் கூடாது.”

“எவ்வளவு நெருங்கணும்?”

“எவ்வளவு வேணா.”

மேஸ்திரி சம்மட்டியை ஓங்கினான். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கி, சிமெண்டுக்கு மேல் ஒரு மயிரிழையில் நிறுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. “நிஜமா உடைக்கறது இதைவிட லேசு” என்று முனகினான். ஒரு அடியில் ஒன்று, இரண்டு அடியில் ஒன்று, மூன்று அடியில் ஒன்று. இடிக்கும் முன் ஒரு புகைப்படம், இடித்த பின் ஒரு புகைப்படம். அளவையர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “நல்ல வித்தியாசம் தெரியுது” என்று கையெழுத்துப் போட்டார். இடிபாடுகளை உடனே அகற்ற வேண்டும் என்பது விதி. லாரியின்மேல் தார்ப்பாய் கட்டி, பின்னால் சிவப்புத் துணி தொங்கவிட்டு, மெதுவாக ஓட்டிப் போனார்கள்.

போகிற போக்கில் அளவையர் சான்றைத் திருத்துகிறவர் கையில் கொடுத்தார். “இனிமே ஒரு பயமும் இல்ல சார். ஆனா அந்த மூணு இடத்துல கொஞ்சம் பார்த்துப் போங்க. இப்ப அங்க ஒண்ணுமே இல்ல.”

அவர் நாற்காலியின் பின்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல இறக்கினார். மேலிருந்து கொஞ்ச தூரம் வந்ததும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மூணைத் தாண்டிட்டோமா?”

“தாண்டிட்டோம்.”

“ஒண்ணும் தெரியலையே.”

மூலையில் திரும்பினார்கள். கொத்தனார் சொன்னது சரி. நாற்காலி யோசித்து யோசித்துத்தான் இறங்கியது. இரண்டும் போயிற்று, ஒன்றும் போயிற்று. எந்த இடத்தில் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு டீச்சருக்குக் கிடைத்த சில மாதங்களையும் அவர் அப்படித்தான், எண்ணாமல் வைத்துக்கொண்டார். அலுவலகக் கணக்கில் அது வருஷமே ஆகாது, பூஜ்ஜியம்.

தெருவில் சைக்கிள்கள் நின்று வழிவிட்டன. எதிர்வீட்டு வாசலில் அக்காள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலி அவள் வாசல் வரைக்கும் போய் நின்றது. அங்கே ஒரு படி இருந்தது. அரை அடிதான். இத்தனை நாள் சன்னலிலிருந்து பார்த்தும் அது இவர்கள் கண்ணில் பட்டதேயில்லை. டீச்சர் கையை நீட்டினாள். அக்காள் குனிய முயன்று, முழங்கால் விடாமல் நிமிர்ந்தாள். இரண்டு கைக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இருந்தது.

“மாப்ளே” என்றாள் அக்காள். “அந்தப் பக்கம் திரும்புங்க.”

“ஏன்?”

“நான் உட்காரப் போறேன். அது பார்க்கற மாதிரி இருக்காது.”

அவர் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பின்னால் நிலைக்கதவு முனகியது. அக்காள் இரண்டு முழங்காலையும் வரிசையாகத் திட்டினாள். ஏதோ பெரியதாகப் படியில் வந்து அமர்ந்தது.

“இதென்னடி கை, இவ்வளவு சில்லுன்னு இருக்கு?”

“உன்னது மட்டும் என்னவாம்?”

“தலையை யார் வாரி விடறா?”

“அவர்தான்.”

“வகிடு எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போகுது. ஒரு நேர்கோடு போடத் தெரியல இந்த மனுஷனுக்கு. கணக்கு டீச்சரைக் கட்டிக்கிட்டு! தலையைக் கொஞ்சம் இப்படிச் சாய். இன்னும். அசையாதே.”

சாமானோடு கட்டிவிட்ட சீப்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது. விரலாலேயே கோதுகிற சத்தம் வந்தது. நெடுநேரம் வந்துகொண்டிருந்தது. சைக்கிள்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவரைத் திரும்பச் சொல்ல அந்த இருவருக்கும் நினைவு வரவில்லை. அவரும் திரும்பவில்லை.